விரலால் வாங்கிய ஜக்கட்

மாத்தளை நகரத்தின் பழைய புடவைக்கடை ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேலாகத் துணி வெட்டுகிறவர் ஸஹாப்தீன். முதலாளி கல்லாவில் இருப்பார்; ஆனால் சனம் தேடி வருவது ஸஹாப்தீனின் வலதுகைப் பெருவிரலையும் சுட்டுவிரலையும்தான். துணியின் ஓரத்தை அந்த இரண்டுக்கும் நடுவே வைத்து ஒரு தேய். கண் கூரையைப் பார்க்கும். பிறகு தீர்ப்பு வரும்: "பருத்தி முக்கால்வாசிதான், மத்தது கலப்பு. ரெண்டு கழுவல்ல சாயம் போகும்." கலப்பு விரலுக்குத் தெரியலாம், சாயம் எப்படித் தெரியும் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கக்கூடிய மாதிரி அவர் முகத்தை வைத்திருப்பதுமில்லை.

கடையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. பேக்கரியில் பாணை அமுக்கிப் பார்ப்பார். குர்பானிக்கு மாடு வாங்கப் போனால் அதன் காதைத் தேய்த்துப் பார்ப்பார். மாடும் பொறுமையாக நிற்கும். வீட்டில் தலையணை உறையிலிருந்து மனைவி கைறுன்னிஸாவின் உடுப்பு வரைக்கும் எல்லாம் அவர் விரலின் தெரிவுதான். கல்யாணம் முடித்த நாள்முதல் அந்தப் பெண் தனக்கென்று ஒரு துணியைத் தானே எடுத்ததில்லை. புடவைக்கடைக்காரன் பெண்சாதிக்கு வந்த வரம் அது.

அவருடைய சித்தாந்தம் ஒரே வரிதான். "நல்ல சாமான்னா கையில வெச்சது தெரியக்கூடாது." மெல்லியது, மிருதுவானது, வழுக்கிக்கொண்டு போவது, அதுவே உயர்ந்தது. தடித்தது, சொரசொரப்பானது, விறைத்தது எல்லாம் சாக்கு. உலகத்துச் சாமான்களை இப்படி இரண்டாகப் பிரித்துவிட்டு நிம்மதியாக வாழ்ந்தார்.

மூத்த மகள் நுஸ்லாவுக்கு மாப்பிள்ளை எடுத்ததும் இந்தக் கணக்கில்தான். பெண் பார்க்க வந்த ஸுஹைல் ஸலாம் சொல்லிக் கை கொடுத்தான். ஸஹாப்தீன் அந்தக் கையை விடாமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். உள்ளே போய் மனைவியிடம், "பட்டு," என்றார். பட்டுத்தான். அந்தக் கை இன்றைக்கு வரைக்கும் ஓர் ஆணி அடித்ததில்லை. வீட்டில் பல்பு எரிந்து போனால் மாமனாருக்குப் போன் வரும். துவாயைக் காயப் போட்டாலும் தோள்மூட்டு வலிக்கிறது என்பான். ஸஹாப்தீன் மட்டும் இதைக் குறையாக எடுத்ததில்லை. பட்டை யாராவது வேலைக்கு உடுத்துவார்களா?

இளையவள் ஆதிபாவுக்கு வரன் வந்தபோதுதான் வில்லங்கம் வந்தது. மாப்பிள்ளை நாவுலயைச் சேர்ந்த ஸப்ரி. வயல், வெங்காயத் தோட்டம், சொந்தமாக ஒரு சின்ன லொறி. அவனுடைய தாய் நோனா, கைறுன்னிஸாவுக்குத் தூரத்துச் சொந்தம். பெண் பார்க்க வந்த அன்று ஸப்ரியும் ஸலாம் சொல்லி இரண்டு கையாலும் ஸஹாப்தீனின் கையைப் பிடித்தான். ஸஹாப்தீன் நெருப்பில் பட்டது போல இழுத்துக்கொண்டார்.

"சாக்கு," என்றார் உள்ளே வந்து. "தேங்காய் துருவலாம் அந்தக் கையில. முடியாதுன்னு சொல்லு."

"துணியா எடுக்கிறோம்? மாப்பிள்ளை எடுக்கிறோம்," என்றாள் கைறுன்னிஸா.

"முப்பது வருசம் இந்த விரல் எனக்குப் பிழைச்சதில்ல."

ஆதிபா உம்மாவிடம் மட்டும் பிறகு சொன்னாள். முன்வீட்டுக் கூடத்தில் எல்லோரும் இருக்கும்போது இரண்டு வார்த்தை பேச விட்டார்களாம். ஸப்ரி கேட்டது இதுதானாம்: "நாவுலயில வெயில் கூட, தண்ணி கொறவு. ஒங்களுக்கு அது ஒத்துவருமா?" இருபத்து நாலு வயது வரைக்கும் உனக்கு என்ன ஒத்துவரும் என்று அந்தப் பிள்ளையிடம் யாரும் கேட்டதில்லை. அவளுடைய உடுப்பு, செருப்பு, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் வாப்பாவின் விரல் தெரிந்தெடுத்திருந்தது. "எனக்கு அவரப் புடிச்சிருக்கு உம்மா," என்று சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் அழுதாள். அந்த வாரம் முழுக்க வீட்டுக் கறியில் உப்புக் கரித்தது. ஸஹாப்தீன் உப்புக் கம்பனியைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

இதே காலத்தில்தான் அவருக்கு மோட்டார் சைக்கிள் ஆசை பிடித்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் ரிவர்ஸ்டன் மலைக்குப் போகிற பையன்கள் தோல் ஜக்கட் போட்டுக்கொண்டு கடைக்கு முன்னால் கூட்டமாகப் போவார்கள். ஒருநாள் அதில் ஒருத்தன் முகம் துடைக்க ஒரு லேஞ்சி வாங்கக் கடைக்குள் வந்தான். லேஞ்சியைக் கொடுக்கிற சாக்கில் ஸஹாப்தீன் அவனுடைய ஜக்கட் கையைத் தேய்த்துப் பார்த்தார். அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வரவில்லை. ஐம்பது வயதில் சிலருக்கு மார்க்கப்பற்று கூடும், சிலருக்குப் பல் விழும். இவருக்கு இது.

றத்தோட்டையில் ரபாயேல் என்று ஒருவர், தோட்டத்து லொறி ஓட்டியவர், முழங்கால் வலியால் தன் பைக்கை விற்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனார். ரபாயேல் பைக்கோடு தன் பழைய தோல் ஜக்கட்டையும் எடுத்து வந்து ஸஹாப்தீனின் கையில் போட்டார். போட்டவுடன் கை கீழே இறங்கியது. கறுப்பு நிறம் தேய்ந்து, முழங்கையில் பழைய சிராய்ப்புகளோடு, நிறுத்தி வைத்தால் தானாக நிற்கும் போலிருந்தது.

ஸஹாப்தீன் தேய்த்துப் பார்த்தார். "ரபாயேல், இது மாட்டுத்தோலா, மாடேவா?"

ரபாயேல் சிரிக்கவில்லை. "நானா, ஒன்னேகால் மில்லிமீட்டருக்கு மேல இருக்கு. அதுதான் வேணும். கீழ விழுந்தா ரோட்டு நம்மள அரம் மாதிரி ராவும். மெல்லிசுத் தோலு ஒரு நொடி தாங்காது, தையலும் பிரிஞ்சிரும். தடிச்ச தோலு நம்ம இழுபட்டு நிக்கிற வரைக்கும் தாங்கும். ரிவர்ஸ்டன் வளைவுல நான் மூனு தரம் விழுந்தவன், இந்தா பாருங்க கைய." சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். வயதான, சுருங்கிய, ஒரு தழும்பும் இல்லாத கை. "புது ஆளுக்கு வெறப்பாத்தான் இருக்கும் நானா. போடப் போட ஒடம்புக்குப் பழகிரும். அது சும்மா வாங்கின சாமான் இல்ல. பைக்கோட சேத்து நீங்களே எடுத்துக்கங்க."

இலவசமாக வந்ததை வேண்டாம் என்று சொல்லுகிற பழக்கம் ஸஹாப்தீனுக்கு இல்லை. வீட்டுக்குக் கொண்டு வந்து கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினார். ஆணி வளைந்தது.

பிறகு கண்டிக்குப் போய்த் தனக்கென்று ஒன்று வாங்கினார். ஆட்டுத்தோல், தேன் நிறம். கடைக்காரப் பையன் "வெண்ணெய் மாதிரி" என்றான், அது அவருக்குத் தேவைப்படவில்லை. விரல் ஏற்கெனவே சொல்லிவிட்டது. வீட்டுக்கு வந்து எல்லோரையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். "முக்கால் மில்லிமீட்டர்தான் வரும்," என்றார் பெருமையாக. அளந்து பார்த்திருந்தால் மயிரிழை பிசகாமல் அதுதான் வந்திருக்கும். விரல் பொய் சொல்லவில்லை. அதைக் கேட்டுக்கொண்டிருந்த தலைதான் பிழை.

"அந்த மனுசன் தடிப்புத்தான் முக்கியம்னு சொன்னாரே," என்றாள் கைறுன்னிஸா.

"லொறி ஓட்டுறவனுக்குத் தார்ப்பாய்தான் தெரியும்."

கையுறையும் வாங்கவில்லை. கையுறை போடுவது விரலின் கண்ணைக் கட்டுவது போல என்றார்.

நாவுலயில் மறுப்புச் சொல்ல வேண்டியிருந்தது. தரகர் மூலம் சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் சொந்தத்துக்குள் வந்த பேச்சு, முகம் பார்த்துத்தான் முறிக்க வேண்டும் என்பது வழக்கம். நோனாவிடம் சொல்லக் கைறுன்னிஸாவும் வந்தே ஆகவேண்டும். பஸ்ஸில் போகலாம் என்றாள் அவள். புது ஜக்கட் இருக்கும்போது பஸ்ஸா?

காலையில் புறப்படும்போது கைறுன்னிஸா கேட்டாள். "விழுந்தா எனக்கு?"

"நான் ஓட்டினா ஏன் விழணும்? பயமா இருந்தா அந்தச் சாக்கப் போட்டுக்க."

அவள் கதவுக்குப் பின்னாலிருந்து அதை எடுத்து அபாயாவுக்கு மேல் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தாங்கிக்குக் கால் முளைத்தது போலிருந்தாள். ஸஹாப்தீன் வாய்விட்டுச் சிரித்தார். ஜக்கட்டின் சிப்பை ஆதிபாதான் வந்து இழுத்துப் பூட்டிவிட்டாள். அவள் கண் வீங்கியிருந்தது. எதற்காகப் போகிறார்கள் என்று அவளுக்குத் தெரியும். வாப்பாவின் சிப்பு பாதியில் நின்றதை அவள் பார்க்காதது போல உள்ளே போனாள். கைறுன்னிஸா அவள் போன கதவையே பார்த்தபடி பைக்கில் ஏறினாள்.

பலாபத்வலயில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினார்கள். தேத்தண்ணிக் கடைக்காரர் தேன் நிற ஜக்கட்டைப் பார்த்து "வெளிநாட்டுச் சாமானா?" என்று கேட்டதில் ஸஹாப்தீன் இரண்டாவது தேத்தண்ணியும் குடித்தார். அங்கிருந்து நாவுல வரைக்கும் வழிநெடுக மறுப்பைச் சொல்லிப் பழகிக்கொண்டு வந்தார். "புள்ளைக்கு இன்னும் படிக்க ஆசை. வேற ஒன்னும் கொறையில்ல." ஆதிபா படிப்பை முடித்து வருடக்கணக்காகிறது. ஆனால் மறுப்பு என்றால் மிருதுவாக இருக்க வேண்டும்.

பெரிய தெருவை விட்டு ஸப்ரியின் வீட்டுப் பாதைக்குத் திரும்பினார்கள். அறுவடைக் காலம். அந்தப் பக்கத்தில் பாதிப் பாதை வாகனத்துக்கு, பாதிப் பாதை நெல்லுக்கு. தார் சூட்டில் நெல் நன்றாகக் காயும் என்று ஆளாளுக்குப் பரப்பி, ஓரத்தில் கல் அடுக்கியிருந்தார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சுற்றிப் போவார்கள். ஸஹாப்தீனின் கண்ணுக்கு அது பொன் விரித்தது போலத் தெரிந்தது. தொட்டால் எப்படி இருக்கும் என்றுகூட நினைத்தார். எதிரே உழவு மெஷின் ஒன்று வந்தது. ஓரம் ஒதுங்கினார். நெல்லில் ஏறியதும் பிரேக் பிடித்தார்.

நெல்லில் பிரேக் பிடிப்பதும் சவர்க்காரத்தில் ஓடுவதும் ஒன்று. பைக் ஒரு பக்கம் போனது, அவர் மறுபக்கம் போனார். ஆட்டோக்காரனும் முந்திப்போகிற வேகம்தான். அந்த வேகத்துக்கே தார் ரோட்டு அவரை முழங்கையிலும் தோளிலும் பிடித்து இழுத்தது. வெண்ணெய் முதலில் உருகியது. பிறகு தோள் தையல் பிரிந்தது. அதற்குப் பிறகு அவர் சொந்தத் தோல்தான் மிச்சம் இருந்தது. அதன் தடிப்பு எவ்வளவு என்று அவருக்கு அன்றுதான் தெரிய வந்தது. கீழே ஊன்றிய வலது உள்ளங்கை, பெருவிரலோடும் சுட்டுவிரலோடும் சேர்த்து, உரித்த கோழியாக வந்தது.

கைறுன்னிஸாவும் அதே தூரம் இழுபட்டுத்தான் போனாள். நின்றதும் எழுந்து உட்கார்ந்தாள். முக்காட்டிலிருந்து நெல்லைத் தட்டினாள். கையைத் தூக்கிப் பார்த்தாள், முழங்கையைத் திருப்பிப் பார்த்தாள். ஜக்கட்டில் ஒரு வெள்ளைக் கோடு. உள்ளே ஒன்றுமில்லை. சாக்கு சாக்காகவே இருந்தது.

காலால் நெல்லைக் கிளறிக்கொண்டிருந்த ஒருவன் ஓடி வந்தான். ஸப்ரி. நெல் அவனுடையதுதான்.

"மாமா, அசையாதீங்க!"

பைக்கைத் தூக்கி ஓரமாக வைத்தான், லொறியைக் கொண்டு வந்தான், இரண்டு பேரையும் ஏற்றினான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் கைறுன்னிஸா மூத்த மருமகனுக்குப் போன் எடுத்தாள். ஸுஹைல் பதறிப் போனான். "மாமி, நான் துஆ செய்றேன். வெயில் தாழ்ந்ததும் வாறேன்," என்றான். பட்டுக்கு வெயில் ஆகாது என்பது உண்மைதான்.

மத்தியானம் நோனாவின் வீட்டு முன்வீட்டில் ஸஹாப்தீன் ஒரு கதிரையில் சாய்ந்திருந்தார். வலதுகை வெள்ளைக் கட்டுக்குள் தென்னங்குரும்பை அளவுக்கு இருந்தது. தோளிலும் கட்டு. தேன் நிற ஜக்கட்டை ஆஸ்பத்திரியில் கத்திரிக்கோலால் வெட்டி எடுத்திருந்தார்கள். நோனா தேத்தண்ணி கொண்டு வந்து வைத்தாள். கேட்க விருப்பமில்லாமல் கேட்டாள். "ஏதோ விசயமாத்தான் வந்திருப்பீங்க."

ஸஹாப்தீன் வாயைத் திறந்தார். அதற்குள் வாசலில் நின்ற ஸப்ரி முன்னால் வந்தான்.

"மாமா, ரோட்டுல நெல்லப் போட்டது நான். பிழை என்னோடது. நீங்க என்ன பதில் சொல்ல வந்திருந்தாலும் சரி, பைக்க நானே திருத்தித் தாறேன். என்ன மன்னிச்சிக்கங்க." ஸலாம் சொல்லி இரண்டு கையையும் நீட்டினான்.

ஸஹாப்தீன் பழக்கத்தில் கட்டுப் போட்ட கையை நீட்டினார். ஸப்ரி அதைப் பக்குவமாகத் தாங்கிப் பிடித்தான். பஞ்சுக்கும் துணிக்கும் அப்பால் என்ன இருக்கிறது என்று ஒன்றுமே தெரியவில்லை. மெல்லியதா தடித்ததா, பட்டா சாக்கா, ஒரு தகவலும் வரவில்லை. வேறு வழியில்லாமல் அவர் ஆளின் முகத்தைப் பார்த்தார். கை கொடுக்கிறவனின் முகத்தைப் பார்ப்பது அவருக்குப் புதிது. நல்ல முகமாக இருந்தது. கொஞ்சம் பயந்திருந்தது, ஆனால் வேறு பக்கம் திரும்பவில்லை.

"நாங்க சம்மதம் சொல்லத்தான் வந்தோம்," என்றாள் கைறுன்னிஸா.

ஸஹாப்தீன் திரும்பினார். நாவுல வெயிலில், காற்றாடி இல்லாத அறையில், அவள் இன்னும் அந்தக் கறுப்பு ஜக்கட்டைக் கழற்றவில்லை. முகமெல்லாம் வேர்த்திருந்தது. அவரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வழக்கமாக இந்த இடத்தில் விரலைத் தூக்குவார்; தூக்கினால் குரும்பைதான் எழும்பியது. நோனா அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொண்டு "அல்ஹம்துலில்லாஹ்" என்று அழுதாள்.

திரும்பும்போது பைக் லொறியின் பின்னால் படுத்திருந்தது, இவர்கள் முன்னால் இருந்தார்கள். பலாபத்வல தாண்டியதும் ஸஹாப்தீன் மெதுவாகக் கேட்டார். "நாம எதுக்குப் போனோம், நீ என்ன சொன்ன?"

"வெட்டின துணி திருப்பி எடுக்கிறதில்ல," என்றாள் அவள். அவர் தலைக்கு மேலே கடையில் தொங்குகிற பலகையில் அவரே எழுதி வைத்தது. ஸப்ரி ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஆதிபா வாசலுக்கு ஓடி வந்தபோது வாப்பாவின் கட்டைப் பார்ப்பதா, லொறி ஓட்டி வந்தவனைப் பார்ப்பதா என்று தெரியாமல் நின்றாள். உம்மா காதில் சொன்னதும் அவளைக் கட்டிக்கொண்டாள். தடித்த தோலுக்கு வெளியே இருந்துதான் கட்டிக்கொண்டாள், இருந்தாலும் உள்ளே இருந்தவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

கட்டு அவிழ்ந்தபோது உள்ளங்கையிலும் விரலிலும் புதுத் தோல், இளஞ்சிவப்பாக, குழந்தையின் கன்னம் மாதிரி இருந்தது. அவர் வாழ்நாளில் தொட்ட சாமான்களிலேயே மிருதுவானது அதுதான். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. கடைக்குப் போய்த் துணியைத் தேய்த்தால் எல்லாம் ஒரே மாதிரி எரிந்தது. மெல்லிய வொயிலும் சரி, தடித்த மெத்தைத் துணியும் சரி. ஆனாலும் அவர் கூரையைப் பார்த்தார், தீர்ப்புச் சொன்னார். சனம் முன்பு போலவே தலையாட்டி வாங்கிப் போனது. ஒருவரும் திரும்பி வந்து குறை சொல்லவில்லை. இது அவருக்கு விழுந்ததைவிட வலித்தது.

கறுப்பு ஜக்கட்டை ஒருநாள் கேட்டுப் பார்த்தார். பைக் திருந்தி வந்திருந்தது. கைறுன்னிஸா அதை அலுமாரிக்குள் வைத்துச் சாவியைத் தன்னிடம் வைத்திருந்தாள்.

"அது எனக்குப் பழகிட்டுது," என்றாள். "உங்களுக்கு வேணும்னா புதுசு ஒன்னு எடுங்க. நானும் கூட வாறேன். நான்தான் தொட்டுப் பாப்பேன்."

நிக்காஹ் பள்ளிவாசலில் நடந்தது. லெப்பை குத்பா ஓதி முடித்து, வழக்கப்படி பெண்ணின் வாப்பாவையும் மாப்பிள்ளையையும் எதிரெதிரே இருத்தினார். மகளைக் கொடுக்கிறவர் மாப்பிள்ளையின் வலதுகையைத் தன் வலதுகையால் பிடித்துக்கொண்டுதான் ஒப்புக்கொடுக்கும் சொல்லைச் சொல்ல வேண்டும். ஸப்ரி கையை நீட்டினான். ஸஹாப்தீன் தொட்டார். புதுத் தோலில் அவன் உள்ளங்கைக் காய்ப்பு முள் மாதிரிக் குத்தியது. கை தானாகப் பின்னால் வரப் பார்த்தது.

"கெட்டியாப் புடிங்க ஹாஜியார்," என்றார் லெப்பை. ஸஹாப்தீன் ஹஜ்ஜுக்குப் போனதில்லை. கல்யாணத்தன்று எல்லா வாப்பாவும் ஹாஜியார்தான்.

கெட்டியாகப் பிடித்தார். வலித்தது. மூன்று மாதமாகச் செத்துக் கிடந்த பெருவிரலுக்கு, மண்வெட்டி பிடித்துப் பிடித்து ஏறியிருந்த அந்தத் தோலின் தடிப்பு, ஓரத்திலிருந்து நடு வரைக்கும், தெளிவாகத் தெரிந்தது. அவர் கண் தன்னால் கூரைக்குப் போனது. லெப்பை சொல்லிக்கொடுத்த வார்த்தையைத் திருப்பிச் சொல்லாமல் அப்படியே இருந்தார். பள்ளிவாசலில் எல்லோரும் காத்திருந்தார்கள். ஸப்ரிக்கு நெற்றியில் வேர்த்தது.

"ஒன்றரை மில்லிமீட்டர் வரும்," என்றார் ஸஹாப்தீன்.

"என்ன சொன்னீங்க?" என்றார் லெப்பை.

"ஒன்னுமில்ல. நீங்க இன்னொருக்காச் சொல்லுங்க, நான் சொல்றேன்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது இடதுகையால். வலதுகையை அவர் எடுக்கவில்லை.